அமினோ அமில சப்ளிமென்ட்: சத்து போய்ச் சேருவது எதிர்ப்பு சக்திக்கா, புற்றுநோய்க் கட்டிக்கா?

எனர்ஜி டிரிங்க் கேனின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்துகளை எப்போதாவது படித்திருக்கிறீர்களா? சர்க்கரை, கஃபீன் வரிசையில் 'டாரின்' என்று ஒரு பெயர் இருக்கும். 250 மில்லி கேன் ஒன்றில் பெரும்பாலும் 1,000 மில்லிகிராம் அளவுக்கு இதைச் சேர்க்கிறார்கள். ஜிம் போகிறவர்கள் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர்களிலும் இது உண்டு. தனி மாத்திரையாகவும் ஆன்லைனில் கிடைக்கிறது.

இந்த டாரின் பற்றி சுமார் ஓராண்டு இடைவெளியில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாகின. 2024-ல் 'செல்' இதழில் வந்த சீன ஆய்வு, இரைப்பைப் புற்றுநோயைப் பற்றியது. எலிகளுக்கு டாரின் கொடுத்தபோது, சோர்ந்து கிடந்த நோய் எதிர்ப்பு செல்கள் மறுபடி எழுந்து கட்டியைத் தாக்கின. சிகிச்சையும் நன்றாக வேலை செய்தது என்றது அந்த ஆய்வு. 2025 மே மாதம் 'நேச்சர்' இதழில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு வந்தது. அது ரத்தப் புற்றுநோயைப் பற்றியது. அதே டாரினைச் சாப்பிட்டு ரத்தப் புற்றுநோய் செல்கள் வளர்கின்றன, எலிகளுக்குக் கூடுதலாக டாரின் கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகிறது என்றது இது.

அப்போ டாரின் நல்லதா, கெட்டதா? கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. உடலுக்குள் போன சத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், அமினோ அமிலம் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதம் என்பது ஒரு நீண்ட மாலை. அதில் கோத்திருக்கும் மணிகள்தான் அமினோ அமிலங்கள். மொத்தம் 20 வகை மணிகள். இவற்றில் 9 வகைகளை உடலால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். மற்றதை உடலே செய்துகொள்ளும். கறாராகச் சொன்னால் டாரின் இந்த 20-ல் ஒன்று இல்லை. குடும்பத்தின் நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தசையைக் கட்டுவது மட்டும்தான் இவற்றின் வேலை என்று நாம் நினைக்கிறோம். விஷயம் அதைவிடப் பெரியது. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் புது டிஎன்ஏ வேண்டும், புது சுவர் வேண்டும், எரிபொருள் வேண்டும். இந்த எல்லாவற்றுக்கும் அமினோ அமிலங்கள் கச்சாப்பொருள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உடலில் வேகமாகப் பெருகும் செல்கள் எவை? கிருமி நுழைந்ததும் ஒன்று நூறாகி, நூறு ஆயிரமாகும் 'டி செல்கள்' என்ற வெள்ளை அணுக்கள். நிறுத்தாமல் பெருகும் இன்னொரு கூட்டம் புற்றுநோய் செல்கள். இரண்டுக்கும் பசி அதிகம். இரண்டும் கேட்பது ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைத்தான்.

பந்திக்கு முந்தும் கட்டி

 ஒரு கட்டிக்குள் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக ஓடும். எனவே அங்கே வந்து சேரும் சத்து குறைவு. அந்தக் குறைந்த சத்துக்காகப் புற்றுநோய் செல்லும் டி செல்லும் ஒரே பந்தியில் உட்காருகின்றன. 'பந்திக்கு முந்து' என்ற பழமொழியைக் கட்டி நன்றாகவே கடைப்பிடிக்கிறது.

எப்படி? ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அமினோ அமிலங்கள் உள்ளே வருவதற்கென்று தனித்தனி வாசல்கள் உண்டு. டாரினுக்கான வாசலின் பெயர் 'எஸ்எல்சி6ஏ6'. இரைப்பைப் புற்றுநோய் செல்கள் இந்த வாசல்களை அதிகமாகத் திறந்து வைத்து, சுற்றியிருக்கும் டாரினை உறிஞ்சிவிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் டி செல்லுக்கு மிச்சம் இல்லை. அது சோர்ந்து போகிறது. இந்த வாசல் அதிகமாக இருந்த நோயாளிகளின் நிலை மோசமாக இருந்தது என்பதையும் அந்த சீன ஆய்வு காட்டியது. எலிகளுக்கு வெளியிலிருந்து டாரின் கொடுத்தபோது, டி செல்களுக்கும் பங்கு கிடைத்தது.

ரத்தப் புற்றுநோயில் கதை வேறு. அந்தப் புற்றுநோய் செல்களால் டாரினைச் சொந்தமாகத் தயாரிக்க முடிவதில்லை. எலும்பு மஜ்ஜையில் பக்கத்தில் இருக்கும் சாதாரண செல்கள் தயாரிக்கும் டாரினை, அதே எஸ்எல்சி6ஏ6 வாசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதை வைத்து சர்க்கரையை எரித்து சக்தி எடுக்கின்றன. வாசலை அடைத்தபோது எலிகளில் நோயின் வேகம் குறைந்தது. டாரினைக் கூட்டியபோது வேகம் ஏறியது.

கவனியுங்கள்: இரண்டு ஆய்வுகளிலும் பொருள் ஒன்று, வாசலும் ஒன்று. எந்தப் புற்றுநோய், அது எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் மாறியது. விளைவு தலைகீழாகிவிட்டது.

குளூட்டமின்: நல்ல எண்ணம், எதிர்பாராத முடிவு

எலி ஆய்வுகளை வைத்து ரொம்ப பயப்பட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் மனிதர்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையும் இருக்கிறது.

நம் ரத்தத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அமினோ அமிலங்களில் அதிகம் இருப்பது குளூட்டமின். குடலின் உட்சுவர் செல்களுக்கும் வெள்ளை அணுக்களுக்கும் அது முக்கியமான எரிபொருள். உடல்நிலை மிக மோசமாகும்போது ரத்தத்தில் இதன் அளவு இறங்கிவிடும். 'இறங்குகிறது என்றால் நாம் ஏற்றிக் கொடுப்போம், எதிர்ப்பு சக்தி கூடும்' என்று நினைப்பது இயல்பு. பல ஆண்டுகள் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவின் 40 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்த 1,223 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2013-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. குளூட்டமின் பெற்றவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 32.4 சதவீதம், பெறாதவர்களில் 27.2 சதவீதம். ஆறு மாதக் கணக்கைப் பார்த்தபோது, குளூட்டமின் பெற்றவர்களிடம் இறப்பு தெளிவாகவே அதிகமாக இருந்தது.

இது மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு, அதிக அளவில் கொடுத்த சோதனை. ஜிம்மில் ஒரு ஸ்பூன் குடிப்பவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. ரத்தத்தில் ஒன்று குறைந்திருக்கிறது என்பதாலேயே அதை நிரப்பினால் சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிரியக்கமும் கீமோதெரபியும் சேர்த்து எடுப்பவர்களுக்கு வரும் கடுமையான வாய்ப்புண்ணைத் தடுக்க, வாய்வழியாக குளூட்டமின் கொடுக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று பரிந்துரைக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை எடுப்பவர்களுக்கு நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்குவதும் இதுவும் ஒன்றில்லை.

சத்தை வெட்டியே ஜெயித்த மருந்து

சப்ளிமென்ட் விளம்பரங்கள் எப்போதும் 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றுதான் சொல்லும். புற்றுநோய் மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று, ஓர் அமினோ அமிலத்தைக் கழித்ததால் வந்தது.

1953-ல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற மருத்துவ ஆய்வாளர், கினிப் பன்றியின் ரத்த நீரை எலிகளுக்குச் செலுத்தியபோது சில வகைப் புற்றுநோய்க் கட்டிகள் கரைவதைப் பார்த்தார். காரணம் புரியவில்லை. 1961-ல் ஜான் புரூம் விடை சொன்னார்: கினிப் பன்றியின் ரத்தத்தில் இருக்கும் 'அஸ்பாரஜினேஸ்' என்ற நொதி, அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலத்தை உடைத்துவிடுகிறது. நம் சாதாரண செல்கள் தேவையான அஸ்பாரஜினைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். ஒருவகை ரத்தப் புற்றுநோய் செல்களால் அது முடியாது. வெளியே வரத்து நின்றால் பட்டினி கிடந்து சாகும்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் 'ஏஎல்எல்' என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இந்த நொதி இன்றும் முக்கியமான மருந்து.

2018-ல் 'நேச்சர்' இதழில் இன்னொரு செய்தி வந்தது. மார்பகப் புற்றுநோய் இருந்த எலிகளுக்கு அஸ்பாரஜினைக் குறைத்தபோது, முதல் கட்டியின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் அது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது. உடனே 'அஸ்பாரகஸ் சாப்பிட்டால் புற்றுநோய் பரவும்' என்ற ரீதியில் உலகம் முழுக்கத் தலைப்புகள் பறந்தன. அஸ்பாரஜின் அந்தக் காயில் மட்டும் இல்லை. பால், முட்டை, மீன், உருளைக்கிழங்கு, சோயா எல்லாவற்றிலும் இருக்கிறது, உடலும் தயாரிக்கிறது. ஒரு காயை ஒதுக்கி இதைக் கட்டுப்படுத்த முடியாது.

அர்ஜினின்: கொடுத்தாலும் பலன், பறித்தாலும் பலன்

ஜிம் வட்டாரத்தில் 'பம்ப்' கிடைக்கும் என்று விற்கப்படும் அர்ஜினினைப் பாருங்கள். 2016-ல் 'செல்' இதழில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வில், அர்ஜினின் நிறைய கிடைத்த டி செல்கள் நீண்ட நாள் உயிரோடு இருந்தன. எலிகளில் கட்டியை எதிர்ப்பதிலும் மேலாக இருந்தன. கட்டியைச் சுற்றி இருக்கும் சில செல்கள் அர்ஜினினை உடைக்கும் நொதியைச் சுரந்து டி செல்களைப் பட்டினி போடுகின்றன என்பதும் ஏற்கெனவே தெரிந்த விஷயம். அப்போ அர்ஜினின் கொடுப்பதுதான் நல்லது என்று தோன்றும்.

ஆனால் அர்ஜினினைத் தாங்களே தயாரிக்க முடியாத புற்றுநோய்களும் இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும், நுரையீரல் உறையைத் தாக்கும் 'மீசோதீலியோமா' நோயாளிகள் 249 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-ல் வெளியானது. கீமோதெரபியுடன் சேர்த்து, ரத்தத்தில் அர்ஜினினைக் காலிசெய்யும் மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.3 மாதம். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு 7.7 மாதம். ஒன்றரை மாதம் என்பது சின்னதாகத் தெரியலாம். இந்த நோயில் அது சின்னதில்லை.

ஒரு புற்றுநோயில் கொடுப்பது உதவலாம். இன்னொன்றில் பறிப்பது உதவுகிறது. பாட்டிலின் லேபிளில் இந்த வித்தியாசம் எழுதியிருக்காது.

'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்றால் பயமில்லையா?

சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் மாற்று வடிவம் 'என்ஏசி'. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் கல்லீரலைக் காப்பாற்றக் கொடுப்பது இதைத்தான். அருமையான மருந்து. ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையாகவும் இதை விற்கிறார்கள்.

2014-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள், நுரையீரல் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த எலிகளுக்கு என்ஏசி கொடுத்தார்கள். கட்டிகள் வேகமாக வளர்ந்தன. காரணம் சுவாரஸ்யமானது. செல்லில் சேதம் அதிகமானால் 'பி53' என்ற காவல் புரதம் விழித்து, அந்த செல்லை நிறுத்தும். ஆன்டி ஆக்ஸிடன்ட் அந்தச் சேதத்தைக் குறைத்தது. அலாரம் அடிக்கவில்லை. புற்றுநோய் செல் நிம்மதியாக வளர்ந்தது.

அதாவது, செல்லைக் காப்பாற்றும் பொருளுக்கு எந்த செல்லைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாது.

அப்போ புரதத்தைக் குறைத்துவிடலாமா?

இங்கேதான் பெரிய ஆபத்து. 'கட்டியைப் பட்டினி போடுவோம்' என்று நினைத்து, புற்றுநோய் நோயாளிக்குப் பால், முட்டை, கறி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப் பார்வேர்டுகளும் இதற்குத் துணை.

2023-ல் 'நேச்சர் மெட்டபாலிசம்' இதழில் வந்த ஆய்வு இதற்கு நல்ல பதில். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்த உணவு, எதிர்ப்பு சக்தி இல்லாத ஆய்வக எலிகளில் கட்டியைக் கட்டுப்படுத்தும் என்று முன்பே தெரியும். ஆனால் எதிர்ப்பு சக்தி முழுமையாக இருந்த எலிகளில் அதே உணவு டி செல்களைப் பலவீனமாக்கி, கட்டி வளர வழிவிட்டது. இதில் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. பட்டினி போட்டதில் எதிரியோடு நம் படையும் சுருண்டது.

தவிர, சாப்பாட்டில் நிறுத்தினால் கட்டி சும்மா இருக்காது. உடல் தன் தசையை உடைத்து ரத்தத்துக்கு அமினோ அமிலங்களை அனுப்பும். நோயாளி மெலிவார். தசை கரைந்தால் கீமோதெரபியைத் தாங்கும் சக்தி குறையும், தொற்று வரும், சிகிச்சையை இடையில் நிறுத்த வேண்டிவரும். அதனால்தான் ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவ அமைப்பான 'எஸ்பென்', புற்றுநோய் நோயாளிகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 90 கிராம்.

புரதம் நிறைந்த சாப்பாடும், ஒற்றை அமினோ அமில மாத்திரையும் வேறு வேறு. சாப்பாட்டில் எல்லா அமினோ அமிலங்களும் கலந்து, மெதுவாக ரத்தத்தில் சேரும். மாத்திரையிலோ பவுடரிலோ ஒன்று மட்டும் மொத்தமாக, வேகமாக வந்து இறங்கும். மேலே பார்த்த கேள்விகள் இந்த இரண்டாவதைப் பற்றியவை.

ஆரோக்கியமாக இருப்பவர்கள் என்ன செய்வது?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதே அளவு. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டும். இட்லியும் சாம்பார் சாதமும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன. ஆனால் தட்டில் சாதம் மலையாகவும் பருப்பு பெயருக்கும் இருந்தால் கணக்கு உதைக்கும். ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு முட்டை, கொஞ்சம் தயிர் சேர்த்தாலே பலருக்கு இடைவெளி நிரம்பிவிடும். உடலைக் கட்டுவதற்காக புரத சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கும்படி அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி. 2024-ல் கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட குழு, இந்தியாவில் விற்கும் 36 புரத சப்ளிமென்ட்களைச் சோதித்தது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரதக் கணக்கு சரியாக இல்லை. 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு, 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது.

எப்போதாவது ஒரு எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டு, ரத்தப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று தூக்கம் கெட வேண்டியதில்லை. டாரின் புதிதாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று ரோசெஸ்டர் ஆய்வு சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது தீனியாகலாம் என்றுதான் சொல்கிறது. மீன், இறைச்சியில் இயல்பாகவே டாரின் உண்டு, உடலும் தயாரிக்கிறது. ஆனால் 'எதிர்ப்பு சக்தி கூடும்' என்ற ஒரே நம்பிக்கையில் மாதக்கணக்கில் டப்பா டப்பாவாக வாங்குபவர்களுக்கு, அந்த நம்பிக்கைக்கு இப்போதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருந்தால்...

அப்பாவுக்கோ அத்தைக்கோ கீமோதெரபி போய்க்கொண்டிருக்கிறது, யாரோ ஒரு 'இம்யூனிட்டி பவுடர்' வாங்கி வந்து கொடுக்கிறார்கள் என்றால், ஸ்பூனை எடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். 'சும்மா சத்து மாவுதான்' என்று வாயால் சொன்னால் போதாது. உள்ளே என்னென்ன அமினோ அமிலம், எவ்வளவு என்பதை அவர் பார்க்க வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவருக்கு இருக்கும் புற்றுநோய் வகைக்கு இது ஒத்துவருமா? இப்போது எடுக்கும் மருந்தோடு மோதுமா? சிறுநீரகமும் கல்லீரலும் இதைத் தாங்குமா?

ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்க வேண்டாம். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விடுபவர்கள் நிறைய. எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் என்று ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

மருத்துவமனையில் உணவியல் நிபுணர் இருந்தால் அவரைப் பார்க்கக் கேளுங்கள். வாய் புண்ணாக இருக்கும் நாளில் எதைக் கொடுப்பது, பசியே இல்லாத நாளில் புரதம் எப்படிச் சேர்ப்பது என்று அவர்தான் வீட்டுச் சமையலுக்குத் தகுந்த மாதிரி சொல்வார். முட்டையா, பருப்புக் கஞ்சியா, மருத்துவமனையே தரும் பவுடரா என்பது அங்கே முடிவாகட்டும். அதுவரை அந்த டப்பா சீல் பிரிக்காமல் அலமாரியிலேயே இருக்கட்டும்.